பில்லில் காசு குறைச்சு போட்டிருந்தா சொல்லணுமா?



"டாக்டர், லேப்ல ரேட் கேட்டப்போ ஆயிரத்து இருநூறுன்னு சொன்னாங்க. ரத்தம் கொடுத்துட்டு பில்லைப் பார்த்தா எண்ணூறுதான் போட்டிருக்கு. திரும்பப் போய் சொல்லணுமா? இல்ல, நம்ம அதிர்ஷ்டம்னு விட்டுடலாமா?"

இந்த மாதிரிக் கேள்வி மருத்துவர்களிடம் அவ்வப்போது வரும். கேட்பவர் பாதி சிரிப்போடுதான் கேட்பார். ஆனாலும் மனசுக்குள் ஏதோ உறுத்துவதால்தான் கேட்கிறார். உறுத்தல் இல்லாதவர் கேட்கவே மாட்டாரே!

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன்.

சொல்லிடுங்க. முடிஞ்சா கவுண்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

நேர்மையைப் பற்றிப் பாடம் எடுக்க நான் இதை எழுதவில்லை. அதை உங்க வீட்டுப் பெரியவங்க எப்பவோ சொல்லிக் கொடுத்திருப்பாங்க. லேப், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி கவுண்டர் இதெல்லாம் உள்ளே எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சவன் என்ற முறையில் எழுதறேன். அது தெரிஞ்சா, சொல்லணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். "காசு குறைஞ்சது" என்பதில் மூணு வகை இருக்கு.

ஒன்று: பில் சரி. வாங்கின காசுதான் குறைவு.
இரண்டு: பில்லே குறைவு.
மூன்று: தெரிஞ்சே, வேணும்னே குறைச்சது.

மூணுக்கும் பதில் வேற வேற. ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

*முதல் வகை: பில் சரி, காசு குறைவு*

பில் 600 ரூபாய். நீங்க இரண்டு ஐநூறு ரூபாய் நோட்டு கொடுக்கறீங்க. 400 திருப்பித் தரணும். கூட்டத்தில், அவசரத்தில், 800 ரூபாயை எண்ணி உங்க கையில கொடுத்துடறாங்க. அல்லது ஜிபேயில் 600க்கு பதிலா 60 அனுப்பிட்டீங்க. அந்த ஸ்பீக்கர் பெட்டி என்ன சொல்லுச்சுன்னு யாரும் காதில் வாங்கல.

"பெரிய ஆஸ்பத்திரிதானே, நானூறு ரூபாயில் என்ன குறைஞ்சு போயிடப் போறாங்க"ன்னு தோணும். கட்டடம், லிப்ட், ஏசி எல்லாம் பார்த்தா அப்படித் தோணுவது இயல்புதான்.

ஆனா அந்தக் காசு அந்தக் கட்டடத்திலிருந்து போகுதான்னு பாருங்க.

ஷிப்ட் முடியும்போது கேஷ் கவுண்டரில் இருப்பவர் கணக்கு ஒப்படைக்கணும். கம்ப்யூட்டர் இன்னைக்கு இவ்வளவு வசூல்னு ஒரு தொகை காட்டும். கல்லாவில் இருக்கிற காசும், கார்டு, யுபிஐ வரவும் அதோடு ஒத்துப் போகணும். 400 ரூபாய் துண்டு விழுந்தா, பல இடங்களில் அதை அவர்தான் கைக்காசு போட்டு நேராக்கணும். இல்லைன்னா சம்பளத்தில் பிடிப்பாங்க.

அவருக்கு மாசம் 12,000 ரூபாய் சம்பளம்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 400 ரூபாய். நீங்க அதிர்ஷ்டம்னு நினைச்சு பையில போட்டது, அந்தப் பொண்ணு காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்னு சம்பாதிச்ச முழு நாள் கூலி.

காசோட போனாக்கூடப் பரவாயில்லை. அன்னைக்கு அந்தக் கவுண்டருக்கு நூறு பேர் வந்திருப்பாங்க. துண்டு யாரிடம் விழுந்ததுன்னு அவருக்குத் தெரியாது. "எண்ணும்போது தப்பு பண்ணிட்டேன் சார்"னு சொன்னா நம்புவாங்களான்னும் தெரியாது. "தப்பு பண்ணியா, எடுத்தியா?" என்ற பார்வை வரும். மாசத்தில் இரண்டு முறை இப்படி ஆனா வேலையே போகலாம். போற வேலையோடு "கல்லாவில் கை வச்சவங்க" என்ற பேரும் சேர்ந்து ஒட்டிக்கும்.

அவர் திருடலைன்னு உறுதியாத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்.

அதனால முதல் வகையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. திருப்பிக் கொடுத்துடணும். சட்டமும் இதைத்தான் சொல்லுது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72வது பிரிவுப்படி, தவறுதலாக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கினவர் திருப்பித் தரணும். இதே பிரிவு ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் பொருந்தும். தவறுதலா உங்ககிட்ட அதிகம் வாங்கியிருந்தா அவங்களும் திருப்பித் தரணும்.

*இரண்டாவது வகை: பில்லே குறைவு*

ஒரு மருத்துவரா நான் அதிகம் கவலைப்படுவது இந்த வகையைப் பற்றித்தான். இதில் நஷ்டம் பெரும்பாலும் உங்களுக்கு.

லேப்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். நீங்க சீட்டை நீட்டறீங்க. கவுண்டரில் இருப்பவர் அதிலுள்ள டெஸ்டுகளை ஒவ்வொண்ணா கம்ப்யூட்டரில் ஏத்தறார். அதிலிருந்துதான் பில் வருது. இப்போ பல லேப்களில் அதிலிருந்துதான் பார்கோடு ஸ்டிக்கரும் வருது. அந்த ஸ்டிக்கரை ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் மூடின்னு தனித்தனி டியூப்களில் ஒட்டி ரத்தம் எடுப்பாங்க. மெஷின் பார்கோடைப் படிச்சு, அதில் என்ன டெஸ்ட் இருக்கோ அதை மட்டும்தான் செய்யும். டாக்டர் சீட்டில் என்ன எழுதினார்னு மெஷினுக்குத் தெரியாது.

அதாவது, பில்லில் விட்டுப்போன டெஸ்ட் உங்க ரத்தத்திலும் விட்டுப்போகும்.

நீங்க 400 ரூபாய் மிச்சம்னு நினைக்கறீங்க. அந்த டெஸ்டே நடக்கல என்பதுதான் உண்மையா இருக்கலாம்.

ஒரு உதாரணம். சர்க்கரை நோயாளி ஒருத்தருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின் மூணும் எழுதியிருக்கு. நடுவில் இருக்கிற ஹெச்பிஏ1சி மட்டும் ஏத்தாம விட்டுட்டாங்க. பில் குறைஞ்சது. நம்ம ஆளுங்க எப்படின்னு உங்களுக்கே தெரியும். டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் வாயைக் கட்டிடுவாங்க. இனிப்பு கிடையாது, ராத்திரி சோறு கிடையாது, காலையில் நடை வேற. வெறும் வயிற்றுச் சர்க்கரை 115ன்னு அழகா வந்துடும். ஹெச்பிஏ1சி கடந்த ரெண்டு மூணு மாசச் சராசரியைக் காட்டும் டெஸ்ட். அதை ரெண்டு நாள் பட்டினியால் ஏமாத்த முடியாது. எடுத்திருந்தா 9 காட்டியிருக்கும்.

ரிப்போர்ட்டில் ஒரு வரி இல்லை என்பதை அவசரத்தில் டாக்டரும் கவனிக்காம விடலாம். "பரவாயில்லையே, இதே மாத்திரையைத் தொடருங்க"ன்னு மூணு மாசம் ஓடிடும். அந்த மூணு மாசமும் அதிகச் சர்க்கரை கண்ணையும் கிட்னியையும் கால் நரம்பையும் அரிச்சுக்கிட்டே இருக்கும்.

கவுண்டரில் நின்னு "ஏம்மா, மூணு டெஸ்டுக்கும் சேர்த்தா இந்த பில்?"னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கேயே சரியாகியிருக்கும். சில டெஸ்டுகளை எடுத்த ரத்தத்திலேயே சேர்த்துப் பண்ணிட முடியும். நேரம் போயிட்டா திரும்ப வெறும் வயித்தோட வந்து திரும்ப ஊசி குத்திக்கணும்.

மருந்துக்கடையிலும் இதே கதைதான். மாசாமாசம் 900 ரூபாய் வர்ற பில் இந்த மாசம் 600ன்னு வந்தா, சந்தோஷப்படுவதற்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க.

ஒன்று, வீரியம் மாறியிருக்கா? டெல்மிசார்டன் 80 எழுதின இடத்தில் 40 வந்திருக்கலாம். பாதி மாத்திரை போட்டா பிரஷர் கட்டுக்குள்ள வராது. "மருந்து வேலை செய்யல"ன்னு டாக்டர் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்.

இரண்டு, எண்ணிக்கை குறைஞ்சிருக்கா? 30 நாளைக்கு எழுதினது 20 நாளைக்குத்தான் இருக்கலாம். வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுப்பவருக்கு இது ஆபத்து. திடீர்னு மாத்திரை நின்னா வலிப்பு வரலாம். நீண்ட நாளா ஸ்டீராய்டு எடுப்பவர்களும் அப்படித்தான், சட்டுனு நிறுத்தக் கூடாது.

மூன்று, ஒரு மருந்து பில்லில் ஏறாமலே பையில் வந்திருக்கா? அப்படின்னா அந்த மருந்து உங்களுக்குத்தான் போச்சுன்னு கடையில் பதிவே இல்லை. தரமில்லாத மருந்துன்னு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அறிவிக்கும்போது பேட்ச் எண்ணை வச்சுத்தான் அறிவிப்பாங்க. பில் இருந்தா கடைக்காரரும் தேடலாம், நீங்களும் கேள்வி கேட்கலாம். இல்லைன்னா ரெண்டு பேருக்குமே வழியில்லை. ஸ்டாக் எண்ணும் நாளில் அந்த மருந்து குறைஞ்சா, கடைப் பையன் தலையில்தான் விழும் என்பது தனி.

குறைஞ்ச பில் எல்லாமே தப்புன்னு நான் சொல்லல. கடையில் தள்ளுபடி கொடுத்திருக்கலாம். அதே மருந்தை ஜெனரிக்கா கொடுத்திருக்கலாம். 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுக்க 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் இருக்கு. அங்கெல்லாம் விலை குறைவா இருப்பதுதான் நோக்கமே. அங்கே வாங்கினா நிம்மதியா வாங்கிட்டு வாங்க. மருந்தின் பேர், வீரியம், எண்ணிக்கை மூணும் சரியா இருந்தா போதும்.

ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆகறவங்களுக்கும் ஒரு வார்த்தை. இன்சூரன்ஸில் போறவங்க, செஞ்ச ஒரு ஸ்கேனோ ஒரு பெரிய செலவோ பில்லில் விட்டுப்போயிருந்தா அன்னைக்கே சொல்லிடறது நல்லது. கிளெய்ம் முடிஞ்ச பிறகு ஆஸ்பத்திரி அதைக் கண்டுபிடிச்சுக் கூப்பிட்டா, அது உங்க கைக்காசில் போய் விடியலாம்.

*மூன்றாவது வகை: வேணும்னே குறைச்சது*

இதையும் சொல்லியாகணும். எல்லாக் குறைவும் பிழை கிடையாது.

நம்ம ஊர்களில் நிறைய டாக்டர்கள் ஒரு வாரத்துக்குள் திரும்ப வந்தா ஃபீஸ் வாங்க மாட்டாங்க. சிலரைப் பார்த்ததும் "இவங்ககிட்ட பாதி வாங்கிக்கோ"ன்னு உள்ளேயிருந்து சொல்லி அனுப்புவாங்க. வெளியே இருக்கிற சிஸ்டர் காரணம் சொல்லாம குறைச்சு வாங்குவாங்க. காரணம் சொன்னா உங்க மனசு சங்கடப்படும்னுதான் சொல்றதில்லை.

அப்போ என்ன செய்ய? ஒரே ஒரு தடவை கேளுங்க. "ஃபீஸ் இவ்வளவுதானாம்மா? போர்டுல வேற போட்டிருக்கே." "டாக்டர் இவ்வளவுதான் வாங்கச் சொன்னார்"னு பதில் வந்தா, நன்றி சொல்லிட்டு வாங்க. மேற்கொண்டு நோட்டைத் திணிக்க வேண்டாம். கேட்டதோடு உங்க கடமை முடிஞ்சது. மறுப்பதும் ஒரு விதத்தில் அவரைச் சங்கடப்படுத்துவதுதான்.

அதே மாதிரி, அவங்களே தெரிஞ்சு குறைஞ்ச விலை வச்சிருந்தா, "பக்கத்து லேப்ல இதைவிட அதிகமாச்சே"ன்னு கூட்டிக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. விலையை முடிவு பண்றது அவங்க வேலை.

*"அவங்க கொள்ளையடிக்கும்போது நியாயம் பேசினாங்களா?"*

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நியாயமான கோபம். தனியார் ஆஸ்பத்திரி பில்லுக்காக நகையை அடகு வச்ச குடும்பங்கள் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சவங்கதான். அந்தக் கோபத்தை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

ஆனா ரேட் போடறவர் ஒருத்தர், கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் இன்னொருத்தர். ரேட் போடறவர் மேல இருக்கிற கோபத்துக்கு, ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச அதிகாரம் இல்லாத ஆளோட ஒரு நாள் கூலியை எடுத்துக்கறது எப்படிக் கணக்கு தீர்ப்பதாகும்? அடிச்சவன் ஒருத்தன், அடி வாங்கறது இன்னொருத்தரா?

அதிகமா போட்ட பில்லை நேராவே கேளுங்க. வரிவரியா விவரம் போட்ட பில் கேளுங்க. வாங்கின காசுக்கு பில் தராம இருப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகச் செயல்னு சொல்லுது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் பண்ணுங்க. உங்க பக்கம் நியாயம் இருந்தா சத்தமாவே சண்டை போடுங்க. நானும் உங்க பக்கம்தான்.

கையில் காசே இல்லாதவங்க விஷயம் வேற. பஸ்ஸுக்கு எண்ணி வச்சிட்டு டெஸ்ட் எடுக்க வந்தவரிடம் உட்கார்ந்து நியாயம் பேச எனக்கு மனசு வராது. அவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். இல்லைன்னா இல்லைன்னு டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்க. எது இன்னைக்கே அவசியம், எது தள்ளிப்போடலாம், எதை அரசு மருத்துவமனையில் எடுத்துக்கலாம்னு நாங்க பிரிச்சுச் சொல்ல முடியும்.

*எப்படிச் சொல்வது?*

மெதுவா, அவரிடமே சொல்லுங்க. "தம்பி, பில்லை ஒரு தடவை செக் பண்ணிடுங்களேன், குறைவா இருக்க மாதிரி இருக்கு." இது போதும். நாலு பேர் முன்னாடி "என்னய்யா கணக்கு போடறீங்க"ன்னு சத்தம் போட்டா, மேனேஜர் வந்து நிப்பார். நீங்க காசைக் காப்பாத்திக் கொடுத்தும் அவருக்குத் திட்டுதான் மிஞ்சும்.

வீட்டுக்கு வந்த பிறகு தெரிஞ்சா, பில்லில் போன் நம்பர் இருக்கும். கூப்பிட்டு பில் நம்பரைச் சொல்லுங்க. டெஸ்ட் விட்டுப்போயிருந்தா அன்னைக்கே சொல்வது முக்கியம். காசு விஷயம்னா, எந்தக் கவுண்டர், எத்தனை மணின்னும் சொல்லுங்க. அப்பத்தான் அந்த ஆள் மேல பிடிச்ச பிடித்தம் திரும்பும். ஆஸ்பத்திரியின் யுபிஐக்கு அனுப்பிட்டு "அன்னைக்கு மதியம் கேஷில் இருந்தவங்க கணக்கில் சேர்த்துக்குங்க"ன்னு சொல்லிடுங்க.

பத்து ரூபாய் குறைஞ்சதுக்கு முப்பது ரூபாய் பஸ் டிக்கெட் எடுத்துப் போகச் சொல்லல. அடுத்த முறை போகும்போது கொடுத்தா போதும். வாங்கற ஒவ்வொரு பில்லையும் ஆடிட் பண்ண வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. கண்ணில் பட்டதை மறைக்க வேண்டாம். அவ்வளவுதான் நான் கேட்பது.

*கடைசியா, கிளினிக், லேப், மருந்துக்கடை நடத்தறவங்களுக்கு*

இதைப் படிக்கறவங்களில் நீங்களும் இருப்பீங்க. கல்லாவில் துண்டு விழுந்தா உடனே சம்பளத்தில் கை வைக்காதீங்க. 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் இடத்துக்கு இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பு, ஊழியரின் கவனக்குறைவால் நேரடியா வந்த நஷ்டத்துக்கு மட்டும்தான் பிடிக்க அனுமதிக்குது. பிடிப்பதற்கு முன்னாடி அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கணும். நஷ்டத்துக்கு மேல ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது.

சட்டத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கு. 400 ரூபாய் தப்புக்குத் தண்டனைன்னா, ஊழியர் அடுத்த முறை தப்பை மறைப்பார். டெஸ்ட் ஏத்தாம விட்டது ஞாபகம் வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். சின்னத் தப்பை மறைச்சுப் பழகின இடத்தில், நாளைக்கு வார்டில் மருந்து மாறிப்போனாலும் மறைப்பாங்க. அங்கே 400 ரூபாய் போகாது, ஒரு உயிர் போகும். "சார், தப்பாப் போச்சு"ன்னு பயமில்லாம வந்து சொல்ற ஊழியர் இருக்கிற ஆஸ்பத்திரிதான் நோயாளிக்குப் பாதுகாப்பு. அந்தப் பழக்கம் கேஷ் கவுண்டரில்தான் தொடங்குது.

பில் கையில் வந்ததும் மூணே மூணு விஷயம் பாருங்க மக்களே. உங்க பேரும் வயசும் சரியா இருக்கா? சீட்டில் எழுதின டெஸ்ட், மருந்து எல்லாம் அதே வீரியத்தில், அதே எண்ணிக்கையில் இருக்கா? கொடுத்த காசும் வாங்கின சில்லறையும் சரியா? அரை நிமிஷம்கூட ஆகாது.

இந்த வாரம் டெஸ்ட் எடுத்தவங்க யாராவது இருந்தா, டாக்டர் எழுதின சீட்டையும் லேப் பில்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இப்பவே ஒரு தடவை பார்த்துடுங்க. ஏதாவது விட்டுப்போயிருந்தா நாளைக்குக் காலையில் லேபுக்கு ஒரு போன் போடுங்க.